மூன்றாம் எபிசோடில் பிடித்த ஆளை ஐந்தாம் எபிசோடில் விட்டது தவறா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு எபிசோடு கொண்ட ஒரு மர்மத் தொடரை வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றும் முடிந்த அன்றிரவே மனதில் பட்டதை எழுதி வைத்தீர்கள். மூன்றாவது எபிசோடில், குடும்ப நண்பராக வரும் வக்கீல்தான் டாக்டரைக் கொன்றவர் என்று எழுதினீர்கள். ஐந்தாவதில் மனம் மாறி, வக்கீல் இல்லை, டாக்டரின் தம்பிதான் என்றீர்கள். எட்டாவதில் பார்த்தால் வக்கீல்தான். ‘நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமா, இல்லை தொடர் என்னை ஏமாற்றிவிட்டதா? எழுதியவர்கள் முதலிலேயே முடிவு செய்திருந்தார்களா, ரசிகர்கள் பேசுவதைப் பார்த்து நடுவில் மாற்றினார்களா?’ என்று கேட்கிறீர்கள். குறிப்புகளையும் முழுதாகப் போட்டிருக்கிறீர்கள். அவற்றைப் படித்தபோது, இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் பட்டது: இந்தத் தொடர் உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்டதா?

தொடர்களின் ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டைகளைச் சுட்டிக்காட்டுவதும், பிறகு எடிட்டிங் அறையில் உட்கார்ந்து கதை புரிகிறதா என்று பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்துதான் பேசுகிறேன். தொடரின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, அதனால் உங்கள் குறிப்புகள் மட்டுமே எனக்கு ஆதாரம். இப்படிப்பட்ட தொடர்கள் பொதுவாக எப்படி உருவாகின்றன என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தொடரைப் பற்றி நான் சொல்வது, உங்கள் குறிப்புகள் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் சரி.

மூன்றாவது எபிசோடு முடிந்ததும் நீங்கள் எழுதியது இது: ‘வக்கீல்தான். எல்லாருக்கும் ஓடி ஓடி உதவுகிறார். இவ்வளவு நல்ல மனுஷன் இந்தக் கதைக்கு எதுக்கு?’ ஐந்தாவதில்: ‘வக்கீல் இல்லை. டாக்டர் செத்த ஒன்பது மணிக்கு அவர் வீட்டில் பெரியம்மாவோடு இருந்திருக்கிறார், பெரியம்மாவே போலீஸிடம் சொல்லிவிட்டார். அப்போ தம்பிதான்.’ இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் சரியாக இருந்தது மூன்றாவதில், யோசனை சரியாக இருந்தது ஐந்தாவதில். மூன்றாவதில் வக்கீலுக்கு எதிராகக் கதைக்குள் நடந்த ஒரு சம்பவம்கூட உங்கள் கையில் இல்லை. இந்தக் கதாபாத்திரத்தை எதற்காக எழுதியிருப்பார்கள் என்று கேட்டு, அதிலிருந்து பதிலைப் பிடித்தீர்கள். ஐந்தாவதில் ஒரு சாட்சி வந்தது. அதற்கு மதிப்புக் கொடுத்து, பிடித்திருந்த ஆளை விட்டீர்கள். நல்ல புலனாய்வாளர் ஒருவர் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்பார். நீங்கள் ஐந்தாவதை நினைத்து வருத்தப்படுகிறீர்கள். உங்கள் குறிப்புகளில் நான் மெச்சுவது அதைத்தான்.

மர்மத் தொடர் பார்க்கும் எல்லோருமே இந்த இரண்டு வகை ஆதாரங்களையும் கலந்துதான் யோசிக்கிறோம். கதைக்குள்ளே இருப்பது ஒன்று: யார் எங்கே இருந்தார், கதவு எப்படித் திறந்தது, யாருடைய பேச்சு இன்னொருவருடைய பேச்சோடு ஒட்டவில்லை. கதைக்கு வெளியே இருப்பது இன்னொன்று. பெயர் தெரிந்த நடிகர் இரண்டே காட்சியில் வந்து போகிறார் என்றால், அவருக்குப் பின்னால் பெரிய காட்சி ஏதோ காத்திருக்கிறது என்று நினைக்கிறோம். நான்காவது எபிசோடில் ஒருவரைக் கைது செய்தால், இன்னும் நான்கு பாக்கி இருக்கிறதே, இவராக இருக்க முடியாது என்று தள்ளிவிடுகிறோம். இது எதுவும் கதைக்குள் இருக்கும் போலீஸ்காரருக்குத் தெரியாது. அவருக்குத் தன் வழக்கு எத்தனை எபிசோடு என்றே தெரியாதே.

எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கம் இதில் பெரிய காட்டிக்கொடுப்பு. பார்ப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. எபிசோடின் எடிட்டிங் முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தை வெட்டுவார்கள். இன்றைய எபிசோடு புரிவதற்குப் பழைய காட்சிகளில் எவை ஞாபகம் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே கணக்கு. ஆக, இரண்டாவது எபிசோடில் வந்து எல்லோரும் மறந்துபோன ஒருவர் ஏழாவதின் சுருக்கத்தில் திடீரென்று தலைகாட்டினால், அவர் இன்று திரும்பி வருகிறார் என்று அர்த்தம். ஆறு எபிசோடு பொத்திப் பொத்தி வைத்ததை முதல் நிமிடத்திலேயே விட்டுக்கொடுக்கும் இடம் அது. இது தெரிந்த குழுக்கள் வேண்டுமென்றே சம்பந்தமில்லாத ஷாட் ஒன்றிரண்டையும் உள்ளே போட்டுவைக்கும். கதையை உங்கள் மூளையாலேயே பிடிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், சுருக்கத்தைத் தாண்டிவிடுங்கள். குறிப்பு எழுதும் பழக்கம் உங்களுக்கு இருப்பதால் அது தேவையும் இல்லை.

வெளி ஆதாரத்தை வைத்து ஊகிப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு ரசனைதான். ஆனால் எழுதுபவர்களுக்கும் அந்தக் கணக்கெல்லாம் தெரியும். ‘ரொம்ப நல்லவர்’ மேல் சந்தேகம் விழும் என்பது தெரிந்தே ஒரு நல்லவரை வெறும் நல்லவராகவே விட்டுவைப்பார்கள். அப்புறம், எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். உங்கள் தொடரில் சந்தேகப்படக்கூடியவர்கள் ஐந்து பேர். முதல் எபிசோடில் மனைவி, இரண்டாவதில் கம்பவுண்டர், மூன்றாவதில் வக்கீல், ஐந்தாவதில் தம்பி என்று அதில் நான்கு பேரை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நால்வரில் யார் கொலையாளியாக இருந்திருந்தாலும் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். அதனால் ‘கண்டுபிடித்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. மூன்றாவதில் உங்களுக்கு ஒரு நல்ல சந்தேகம் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் நிஜமாகவே ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள். அது நான்காவது எபிசோடின் குறிப்பில் இருக்கிறது, உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘பெரியம்மா மாத்திரை சாப்பிடுவதை இவ்வளவு நேரம் காட்டணுமா? வேலைக்காரப் பெண் வேறு, அன்னைக்குச் சீக்கிரமே மாத்திரை போட்டுட்டீங்க, அதான் விடியிறதுக்கு முன்னாடியே முழிச்சிட்டீங்கன்னு புலம்புது. இழுவை. வெட்டியிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டாவதில் என்ன தெரிய வந்தது? பெரியம்மா நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மாத்திரையை வைத்துச் சொன்னார். ‘நான் மாத்திரை போடும்போது அவர் கூட இருந்தார், நான் போடுவது ஒன்பது மணிக்கு.’ அன்று மட்டும் வக்கீல் எட்டு மணிக்கே மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்பதுக்கு கிளினிக்கில் இருந்தார். அந்த ஒரு மணி நேரத்தைத் தொடர் உங்கள் கண்முன்னே வைத்தது. நீங்களும் பார்த்தீர்கள், எழுதியும் வைத்தீர்கள், எரிச்சலோடு. அடுத்த வாரம் பெரியம்மாவின் சாட்சி வந்தபோது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

துப்பை மறைப்பது என்றால் அதை இருட்டில் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதும்போது செய்வது வேறு. துப்புக்கு இன்னொரு வேலை கொடுப்பார்கள். வேலைக்காரப் பெண்ணின் புலம்பல் அந்தக் காட்சியில் வேறொன்றைச் செய்கிறது: பெரியம்மாவுக்கு வயதாகிவிட்டது, கொஞ்சம் தடுமாறுகிறார் என்று காட்டுகிறது. நம் மனம் அந்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிடுகிறது. ஒரு வரிக்கு ஒரு பயன் கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் தேட மாட்டோம். வரிசையும் முக்கியம். சாட்சி முதலில் வந்து மாத்திரைக் காட்சி பின்னால் வந்திருந்தால் உங்களுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். கேள்வி பிறப்பதற்கு முன்பே பதிலைக் கொடுத்துவிட்டால், அது பதில் என்று தெரியாது. நடுவில் ஒரு வாரம் வேறு போய்விடுகிறது. இதை யோசித்து எழுதியவருக்கு என் மரியாதை. எட்டு எபிசோடுக்குள் முடியும் கதையில் நீளத்துக்கு மல்லுக்கட்டித்தான் ஒவ்வொரு காட்சியையும் வைத்திருப்பார்கள். எதற்கென்றே புரியாத காட்சி ஒன்று எடிட்டிங்கைத் தாண்டித் திரைக்கு வந்திருந்தால், ‘இழுவை’ என்று எழுதிய கையோடு பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவையுங்கள்.

சரி, நேர்மைக்கு வருவோம். இதற்கு எழுதப்பட்ட விதிகளே உண்டு. ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் பத்து விதிகளைத் தொகுத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவர் தனக்குக் கிடைக்கும் துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை. அடுத்த வருடம் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் ஒரு சங்கமே தொடங்கினார்கள். தொலைக்காட்சியில் இந்த மரபை வெளிப்படையாகக் கையில் எடுத்தது 1975-76இல் அமெரிக்காவில் வந்த ‘எல்லரி குவீன்’ தொடர். கடைசிப் பகுதிக்கு முன்னால் நாயகன் கேமராவைப் பார்த்துத் திரும்பி, எல்லாத் துப்பும் இப்போது உங்களிடமும் இருக்கிறது, யார் என்று தெரிகிறதா என்று பார்ப்பவர்களையே கேட்பான். அதை உருவாக்கிய லெவின்சன், லிங்க் இருவரும்தான் ‘கொலம்போ’வையும் உருவாக்கியவர்கள். அங்கே கொலையாளி யார் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள், எப்படி மாட்டுகிறார் என்பதுதான் கதை. எனக்கு இந்த ஜோடியை மிகவும் பிடிக்கும். யார் என்ற கேள்வியை எடுத்துவிட்டாலும் மர்மக் கதை நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டபோது அதற்கு முழு மரியாதை கொடுத்தார்கள்.

அந்த அளவுகோலை உங்கள் தொடரின் மேல் வைத்துப் பார்க்கிறேன். கொலை நடந்த விதம் நேர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறது, மாத்திரைக் காட்சி அதற்குச் சாட்சி. இரண்டாவது எபிசோடில் ‘வக்கீல் காரில் தனியா உட்கார்ந்து அழறார், பாவம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் நேர்மைதான், அதுவும் அழகான நேர்மை. ஒரு கதாபாத்திரம் தனியாக இருக்கும்போது நடிக்கக் கூடாது, நடித்தால் அது நமக்காக நடிக்கிறது, அங்கே ஏமாற்று வேலை தொடங்குகிறது. அவர் காரில் ‘யார் இப்படிச் செய்தது’ என்று தனக்குத்தானே சொல்லியிருந்தால் தொடரை மன்னித்திருக்க மாட்டேன். அழுகை மட்டும் என்றால், நண்பனை இழந்தவரும் அழுவார், நண்பனைக் கொன்றவரும் அழுவார். முதல் தடவை ஒரு அர்த்தம், முடிவு தெரிந்து பார்க்கும்போது இன்னொரு அர்த்தம், இரண்டும் உண்மை.

ஆனால் இரண்டு இடத்தில் தொடர் சறுக்கியிருக்கிறது. முதலாவது, காரணம். வக்கீல் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்தை மாற்றியிருந்தார் என்பது எட்டாவதில்தான் முதல்முறையாக வருகிறது. உங்கள் ஏழு குறிப்புகளிலும் பத்திரம், கடன், பணம் என்று ஒரு சொல்கூட இல்லை. உங்களைப் போலக் கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் அது ஒரு தடவைகூடப் படவில்லை என்றால், அது அங்கே இல்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. இரண்டாவது, தம்பி. ஐந்தாவது எபிசோடில் அவர் நள்ளிரவில் காகிதங்களை எரிக்கிறார். உங்கள் சந்தேகம் அவர் பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிவரை அது என்ன காகிதம் என்று யாரும் சொல்லவில்லை. திசைதிருப்பும் தடம் வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தடத்துக்கும் ஒரு சொந்தக் கதை இருக்க வேண்டும். கடன் பத்திரம், பழைய காதல் கடிதம், எதுவாகவும் இருக்கட்டும், அவருக்கு எரிக்க ஒரு காரணம் வேண்டும். நம்மைக் குழப்புவதற்காக மட்டுமே ஒருவர் தீக்குச்சி கிழித்தார் என்றால் அங்கே நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்படிப்பட்ட ஓட்டை வேண்டுமென்றே வைத்ததா, வழியில் விழுந்ததா என்பதை வெளியிலிருந்து சொல்வது கடினம். எடிட்டிங் அறையில் இது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எபிசோடு நீளமாகிவிடும், ஏதாவது போக வேண்டும். கொலை, துரத்தல், அழுகை எதையும் தொட மனம் வராது. சாப்பாட்டு மேஜையில் நடக்கும் சாதாரணப் பேச்சுதான் போகும். அந்தப் பேச்சுக்குள்தான் பத்திரம் பற்றிய வரி இருந்திருக்கும். அதை எழுதியவர் அந்த அறையில் இருந்தால் கையைப் பிடித்துத் தடுப்பார், இல்லாவிட்டால் முடிவு ஆதாரம் இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். சில சமயம் பிரச்சினை கடைசியில் தெரிய வந்து, டப்பிங்கில் ஒரு வரியைச் சேர்ப்பார்கள். முதுகு காட்டி நிற்பவர் அல்லது தூரத்தில் நடப்பவர் மேல் அந்த வரி விழும், வாய் தெரியாத இடத்தில்தானே சேர்க்க முடியும். முகம் தெரியாத ஒருவர் முக்கியமான தகவல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னால், அதைக் கவனமாகக் கேளுங்கள். பல தடவை அது பிறகு ஒட்டிய வரியாக இருக்கும், யாரோ அது அவசியம் என்று முடிவு செய்ததால்தான் அங்கே வந்திருக்கும்.

உங்கள் குறிப்புகளில் அடிக்கடி வரும் இன்னொரு வகை ஆதாரத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும்: முகம். ‘மனைவி பார்த்த பார்வையே சரியில்லை’, ‘கம்பவுண்டர் முழிக்கிறான்’ என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர், ஒரே முகத்தின் ஷாட்டை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டினால் பார்ப்பவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சியைப் படிக்கிறார்கள் என்று காட்டினார். பிணம் என்ற சொல்லுக்கு அடுத்து மனைவியின் முகத்தை வைத்தால் அது குற்ற உணர்ச்சி, சமையலறைக்கு அடுத்து வைத்தால் அசதி. அதை முடிவு செய்வது எடிட்டர். நடிகருக்கே விடை தெரியாத தொடர்களும் உண்டு. டென்மார்க்கில் 2007இல் வந்த, ஆங்கிலத்தில் ‘தி கில்லிங்’ என்று அறியப்பட்ட தொடர், ஒரே கொலை வழக்கை 20 எபிசோடுகளில் நாளுக்கு ஒன்றாகச் சொன்னது. கொலையாளி யார் என்பதை நடிகர்களிடமிருந்து மறைத்தே எடுத்தார்கள். 2013இல் பிரிட்டனில் வந்த ‘பிராட்சர்ச்’ தொடரிலும் நடிகர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தான் கொலையாளியா இல்லையா என்றே தெரியாத ஒருவர் முகத்தில் குற்றத்தை எப்படிப் படிப்பது? பார்வையை எழுதி வையுங்கள், ரசிக்க அது வேண்டும். ஆதாரத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.

முதலிலேயே முடிவு செய்தார்களா என்ற கேள்விக்கு, உங்கள் தொடரைப் போன்ற குறுகிய தொடர் என்றால் அநேகமாக ஆம். ஆறோ எட்டோ எபிசோடுகளை ஒரே கதையாக எடுக்கும்போது எபிசோடு வரிசையில் படம்பிடிப்பதில்லை. ஒரு வீட்டில் நடக்கும் காட்சிகள் எல்லாவற்றையும், முதல் எபிசோடுடையதும் எட்டாவதுடையதும் சேர்த்து, ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். முதல் எபிசோடு ஒளிபரப்பாகும்போது பெரும்பாலும் எல்லாமே எடுத்து முடிந்திருக்கும். மூன்றாவது வாரம் ரசிகர்கள் என்ன பேசினாலும் அதைக் கேட்டு மாற்ற அங்கே எதுவும் பாக்கி இருக்காது. மாத்திரைக் காட்சி நான்காவதிலேயே இருந்தது, உங்கள் தொடரில் விடை மாறவில்லை என்பதற்கு நல்ல சான்று.

நீண்ட தொடர்களின் கதை வேறு. 1990இல் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்ச், மார்க் ஃபிராஸ்ட் இருவருக்கும் லாரா பாமரைக் கொன்றது யார் என்று அவ்வளவு சீக்கிரம் சொல்லும் எண்ணம் இல்லை. தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்கடியால் இரண்டாம் சீசனின் நடுவே சொன்னார்கள். ரகசியம் வெளியே போகாமலிருக்க வேறு நடிகர்களை வைத்தும் அந்தக் காட்சியை எடுத்தார்கள். விடை வந்த பிறகு அந்தத் தொடரைப் பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள். ‘டல்லஸ்’ தொடரில் 1980 மார்ச்சில் மையக் கதாபாத்திரமான ஜே.ஆர். சுடப்பட்டான், சுட்டது யார் என்று அந்த நவம்பரில்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் எட்டுக் கோடிக்கும் அதிகமானோர் அந்த எபிசோடைப் பார்த்தார்கள். அங்கேயும் பல நடிகர்கள் சுடுவதாக எடுத்து வைத்துக் குழப்பினார்கள். ‘தி கில்லிங்’ தொடரை 2011இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்தபோது முதல் சீசன் முடிவில் விடை சொல்லாமல் விட்டார்கள், ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த வருடம் சொன்ன விடையும் டென்மார்க் தொடரின் விடை இல்லை. ரசிகர்கள் ஊகித்துவிட்டார்கள் என்பதற்காக மாற்றுவதும் உண்டு: ‘வெஸ்ட்வேர்ல்ட்’ இரண்டாம் சீசன் உருவாகிக்கொண்டிருந்தபோது, ஒரு திருப்பத்தை ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டதால் அதை மாற்றுகிறோம் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோனதன் நோலன் 2017இல் சொன்னார். அது தவறான முடிவு என்பது என் கருத்து. கூர்மையான ஒருவர் ஊகிக்க முடிந்தது என்றால் துப்புகள் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். அதற்குப் பயந்து விடையை மாற்றினால், ஏற்கெனவே போட்ட துப்புகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

எழுதி வைக்கும் பழக்கத்தை உங்கள் நண்பர்கள் கேலி செய்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன்னால், பாரூக் ஃபிஷாஃப், ரூத் பெய்த் என்ற இரண்டு உளவியலாளர்கள், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு என்ன கணித்தீர்கள் என்று ஞாபகப்படுத்திச் சொல்லச் சொன்னார்கள். நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். 1975இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மர்மத் தொடர் முடிந்ததும் ‘எனக்கு முதல்லயே தெரியும்’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, ஞாபகம் அப்படித்தான் திருத்தி எழுதிக்கொள்கிறது. உங்கள் கையில் திருத்தப்படாத பிரதி இருக்கிறது. தொண்ணூறுகளில் ‘விடாது கருப்பு’ வாரம் ஒருமுறை வந்த காலத்தில் எத்தனையோ பேர் அடுத்த வாரம் வரை வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வாதங்களை யாராவது அன்றன்று எழுதி வைத்திருந்தால் இன்று அது எவ்வளவு பெரிய பொக்கிஷம்! எல்லா எபிசோடையும் ஒரே இரவில் பார்த்து முடிப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்களுக்குச் சந்தேகம் ஊற நேரம் கிடைப்பதில்லை.

எழுதும் முறையில் மட்டும் சின்ன மாற்றம் செய்யுங்கள். முதலில் பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததைப் பிறகு. யார் எதைச் சொன்னார், அது நாம் நேரில் பார்த்ததா, ஒருவர் வாயால் கேட்டதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இந்தத் தொடரில் விழுந்த அடி எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்: ‘ஒன்பது மணிக்கு இருந்தார்’ என்று எழுதினீர்கள், ‘ஒன்பது மணிக்கு இருந்ததாகப் பெரியம்மா நினைக்கிறார்’ என்பதுதான் தொடர் கொடுத்த தகவல். சந்தேகப்படும் எல்லோருக்கும் பத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் போடுங்கள், ஒருவரை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை மறந்துவிட வேண்டாம். மற்றவர்கள் கருத்தைப் படிப்பதற்கு முன்னால் எழுதி முடியுங்கள். அடுத்த எபிசோடுக்கு முன்னால் எல்லாப் பழைய பக்கங்களையும் ஒருமுறை படியுங்கள். இது ஒன்றைச் செய்திருந்தால் ஐந்தாவதிலேயே மாத்திரை உங்களுக்கு இடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

முடிவு தெரிந்துவிட்டதே, இனி திரும்பப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். முடிவை முன்பே சொல்லிவிட்டால் கதையின் சுவை போய்விடுமா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. கலிஃபோர்னியாவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 12 சிறுகதைகளை வைத்துப் பார்த்தபோது, முடிவு தெரிந்து படித்தவர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். சில வருடம் கழித்து வேறு ஆய்வாளர்கள் செய்தபோது முடிவு தெரியாமல் படித்தவர்களே அதிகம் ரசித்தார்கள். அதனால் ரசனையைப் பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. நேர்மையைச் சோதிக்க மட்டும் இரண்டாவது பார்வை கட்டாயம் வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது ஐந்தாவது எபிசோடில் ஒரு இடத்தை எனக்காகக் கவனியுங்கள். பெரியம்மா போலீஸிடம் சொல்வதோடு காட்சி நிற்கிறதா, அல்லது அன்றிரவை நேரடியாகக் காட்டுகிறார்களா? சொல்வதோடு நின்றால் நான் மேலே சொன்னதில் மாற்றம் இல்லை. அன்றிரவைக் காட்டியிருந்தால், சுவரில் கடிகாரம் தெரிகிறதா, அதில் என்ன மணி என்று பாருங்கள். கடிகாரமே தெரியாதபடி ஷாட் வைத்திருந்தால், தெரிந்தே கவனமாக எடுத்திருக்கிறார்கள். எட்டு மணி காட்டினால், விடையையே திரையில் வைத்துவிட்டு நம்மைப் பார்க்காமல் இருக்க வைத்திருக்கிறார்கள், அதைவிடப் பெரிய நேர்மை இல்லை. ஒன்பது காட்டினால், அது பெரியம்மாவின் ஞாபகத்தில் விரியும் காட்சிதானே, தவறாக இருக்கலாம் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஆள் பொய் சொல்லலாம், கேமரா சொல்லக் கூடாது. அப்படி இருந்தால் மாத்திரைக் காட்சிக்காக நான் கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வேன். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.